எதிர் வீட்டுச் சுவரில் இருந்த சிவப்புக் குறிகள் குறித்து

என் பெயரையும் என் கணவர் பெயரையும் கதவு எண்ணையும் தனித் தாளில் எழுதி, மடித்து, பெண் காவலரிடம் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அந்தத் தாள் இதனுடன் சேர்ந்து இருக்கக் கூடாது என்று கேட்டேன். சரி என்றார். படித்தால் யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

வயது இருபத்தெட்டு. வேதியியல் முதுகலை படித்திருக்கிறேன். இப்போது வேலைக்குப் போகவில்லை. இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. நான் இதை எழுதும்போது அவள் நிலையத்தின் பெஞ்சில் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். எழுத்தர் வீட்டுக்குப் போய்விட்டார். "படிச்சவங்கதானே, நீங்களே எழுதுங்க. நடந்தது நடந்தபடி, வரிசையா. கதை வேண்டாம்" என்று பெண் காவலர் சொன்னபடி எழுதுகிறேன். இதை எழுதும்படி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் வற்புறுத்தினார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, முன்னால் ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய போர்ட்டிகோ. படுக்கையறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. கேட்டைத் திறந்தால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர் வீட்டின் மதில் சுவர். அந்த வீட்டில் இருப்பவர்கள் அக்காவும் அவர் கணவரும் மட்டும். அக்கா எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் கணவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தெரு முழுவதற்கும் அவர் மாஸ்டர். என் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து கண் செருகியபோது என் கணவர் வெளியூரில் இருந்தார். அன்று செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவர் மாஸ்டர். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது.

என் கணவர் மருத்துவமனைகளில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதுபார்ப்பவர். வேலைக்காக அடிக்கடி காரில் வெளியூர் போவார். சில நாட்களுக்கு முன் காரின் முன்பக்கம் நசுங்கி, பட்டறையில் ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து வெளிச்சம் மேலே தூக்கி அடித்தது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைட்டை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "நிலாவுக்கா வழி காட்டுற?" என்று கேட்டதாக என் கணவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி இருட்டில் ஓட்ட வேண்டியிருந்ததால், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே அதைச் சரிசெய்துவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு வீடியோ பார்த்துவிட்டால் அவர் அந்தத் துறையில் பட்டம் வாங்கியவர் மாதிரி பேசுவார்.

"இதுக்கு ஒரு மெக்கானிக்கா? ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சுவர். அவ்வளவுதான் விஷயம்."

"சுவர் அக்கா வீட்டுது."

"சுவரைக் கடிச்சா தின்னப்போறேன்? வெளிச்சம்தானே அடிக்கப்போறேன்."

அக்காவும் மாஸ்டரும் அன்று உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதனால் அவர்களிடம் கேட்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் என் கணவர் காரைத் தெருவைக் கடந்து எதிர்ச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு லைட்டின் நடுப்பகுதிக்கும் நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு கூட்டல் குறி போட்டார். அதன் பிறகு காரைப் பின்னால் எடுத்து எங்கள் போர்ட்டிகோவில் நிறுத்தினார். வண்டி எப்போதும் ஓடும்போது இருக்கிற அளவில் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதால் ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஒருவர் உட்கார வேண்டும் என்றார். "நீ மட்டும் பத்தமாட்ட. பாப்பாவையும் மடியில வச்சுக்க" என்றார். "நான் மெலிஞ்சிருக்கேன்னு இன்னைக்காவது கண்ணுக்குத் தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு, குழந்தையுடன் உட்கார்ந்தேன். அவர் பானெட்டைத் திறந்து, ஒரு லைட்டின் மேல் குழந்தையின் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, மற்றதன் பின்னால் இருந்த திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். டிம் லைட்டுக்கு மேல்பக்கம் ஒரு விளிம்பு உண்டு, அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்த விளிம்பு குறியின் குறுக்குக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும், அப்படி நின்றால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காது என்று சொல்லிக்கொண்டே செய்தார். சுவரில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துக் குழந்தை கை தட்டினாள்.

ஒரு பக்கம் முடிவதற்குள் குழந்தை தூக்கத்துக்கு அழ ஆரம்பித்துவிட்டதால் நான் இறங்கி உள்ளே போய்விட்டேன். மீதியை அவர் தனியாகச் செய்தார். அவர் உள்ளே வந்ததும், "சுவரைத் துடைச்சீங்களா? அக்கா பார்த்தா திட்டுவாங்க" என்று கேட்டேன். "துடைச்சாச்சு, துடைச்சாச்சு" என்றார். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் அவர் காரில் கிளம்பிப் போனார்.

திங்கட்கிழமை காலை எங்கள் தெருவின் கைபேசிக் குழுவில் மாஸ்டர் ஒரு படம் போட்டார். அந்தக் குழுவில் வீட்டுக்கு ஒருவர்தான். எங்கள் வீட்டிலிருந்து நான். படத்தில் சுவரும், சுவரில் சிவப்பு டேப்பால் ஒட்டிய இரண்டு கூட்டல் குறிகளும் இருந்தன. "நாங்கள் ஊரில் இல்லாதபோது யாரோ எங்கள் வீட்டுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் எச்சரிக்கை" என்று எழுதியிருந்தார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். குறிகள் இருந்தன. நாங்கள் போட்டது வெள்ளைச் சாக்பீஸ், அதையும் துடைத்தாகிவிட்டது, இது சிவப்பு டேப். அதனால் எங்களுடையதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அன்று முழுவதும் குழுவில் அதே பேச்சு. இரண்டு குறி என்றால் வீட்டில் இரண்டு பேர்தான் என்று அர்த்தம், சுவரில் தாழ்வாக இருந்தால் வயதானவர்கள் என்று அர்த்தம் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் விளக்கம் எழுதினார். "எனக்கு என்ன வயசாயிடுச்சு? அவன் கடையில ஒரு தாளை நேரா எடுக்கத் தெரியாது, குறி சொல்ல வந்துட்டான்" என்று அக்கா என்னிடம் நேரில் சொல்லிச் சிரித்தார். சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது, பச்சை என்றால் வீடு காலி என்று வேறொருவர் எழுதினார். "திருடனா, சிக்னல் கம்பமா?" என்று டெய்லர் கேட்டார். அதற்கும் எல்லோரும் சிரித்தோம். சாயங்காலத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. "குறி நம்ம சுவர்ல இருந்தாலும் அது பார்த்துக்கிட்டு இருக்கிறது உன் வீட்டைத்தான். நீயும் பச்சைப்பிள்ளையும் தனியா இருக்கீங்க. ஜாக்கிரதை" என்று அக்கா சொன்னார். 

என் கணவருக்குப் போன் செய்தபோது அவர் ஓட்டிக்கொண்டிருந்தார், லைன் விட்டு விட்டு வந்தது. "தெருவுல திருடன் நடமாட்டம்னு சொல்றாங்க" என்றேன். "நல்லா பூட்டிக்கிட்டுப் படு, நாளைக்கு வந்துடுவேன்" என்றார். குறி, டேப் என்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே விஷயம் முடிந்திருக்கும். அன்று கதவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டேன். குளியலறையின் சின்ன ஜன்னலில் பழைய வாளியைக் கவிழ்த்து வைத்தேன், யாராவது நுழைந்தால் விழுந்து சத்தம் கேட்கும் என்று.

இன்று செவ்வாய்க்கிழமை. மதியத்துக்கு முன், படுக்கையறை ஜன்னலில் குழந்தையை உட்கார வைத்துச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் தெருவில் நடந்து வந்தார். நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, தோளில் நீளமான துணிப்பை, கையில் இரும்பு அளவு டேப். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று ஜன்னல்களை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்து டாட்டா காட்டினாள். முதலில் கை காட்டியது குழந்தைதான். அவர் பதிலுக்குக் கை காட்டினார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "கொசுவலை போடணுமாம்மா? சும்மா அளந்து மட்டும் சொல்றேன், பிடிச்சா போடுங்க" என்றார்.

இதை அவர் சத்தமாகத்தான் சொன்னார். எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

நான் பதில் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். திருடன் என்றால் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். வாசற்கதவின் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அதன் பிறகு குழுவில் பின்வருமாறு எழுதினேன்: "சிவப்புக் குறி வச்சவன் வந்திருக்கான். எங்க ஜன்னலை அளக்கிறான். பாப்பாவைக் கைகாட்டிக் கூப்பிடுறான். நான் தனியா இருக்கேன். யாராவது வாங்க." கொசுவலை என்று அவர் சொன்னதை எழுதவில்லை. இந்தச் செய்தி என் கைபேசியில் இருக்கிறது. நான் அழிக்கவில்லை. பின்னால் அக்கா அழிக்கச் சொன்னார்.

முதலில் மாஸ்டர் வந்தார், கையில் ஹாக்கி மட்டை இருந்தது. பின்னாலேயே ஜெராக்ஸ் கடைக்காரரும் டெய்லரும் வந்தார்கள். அதன் பிறகு வந்தவர்களில் சிலரை எனக்கு முகம் மட்டும்தான் தெரியும். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் வருவதைப் பார்த்து அந்த மனிதர் முதலில் சிரித்தார். "உங்க வீட்டுக்கும் அளக்கணுமா சார்?" என்று மாஸ்டரிடம் கேட்டார். "பையில என்ன?" என்று மாஸ்டர் கேட்டார். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் யாரோ பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். சாம்பல், பச்சை, வெள்ளை என்று சாவிக்கொத்து மாதிரி கோத்த வலைத்துண்டுகள், கத்தரிக்கோல், அலுமினியச் சட்டத்தின் துண்டுகள், கடைசியாக ஒரு சிவப்பு டேப் உருளை விழுந்தன. உருளை தரையில் ஓடிப்போய் மாஸ்டரின் கால் அருகில் சாய்ந்தது. "டேப்பு! டேப்பு!" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கத்தினார்.

அதன் பிறகு அடித்தார்கள். அந்த மனிதர் எதிர்த்து அடிக்கவில்லை. "அளந்து வெட்டுறதுக்குச் சார், அடையாளம் வைக்கிறதுக்குச் சார்" என்று டேப்பைப் பற்றிச் சொன்னார். அடையாளம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் அடித்தார்கள். அவர் கூட்டத்திலிருந்து குனிந்து வெளியே வந்து, எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு போர்ட்டிகோவுக்குள் ஓடிவந்து, கதவை உள்ளங்கையால் தட்டினார். "தங்கச்சி, கதவைத் திற. நீ ஜன்னல்ல நின்னே. நான் கேட்டது உனக்குக் கேட்டுச்சு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் அதன் பிறகு அவர் தட்டவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். "மாமா கதவு தட்டுறாங்க" என்று குழந்தை என்னிடம் சொன்னாள். நான் அவள் காதைப் பொத்தினேன்.

காவல் வண்டி வந்தபோதுதான் மறுபடி ஜன்னல் பக்கம் போனேன். அவர் தன் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, அதைப் பார்க்காமல் நடந்து போய் வண்டியில் ஏறினார். மாஸ்டர் எங்கள் கதவைத் தட்டி, "போயிட்டான்மா. பயப்படாத. அண்ணன் இருக்கேன்ல" என்றார். நான் கதவைத் திறந்து நன்றி சொன்னேன். அக்கா குழந்தைக்குப் பால் கொண்டுவந்து கொடுத்தார். குழுவில் எல்லோரும் மாஸ்டரைப் புலி என்று எழுதினார்கள். நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

இருட்டத் தொடங்கியபோது என் கணவர் வந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் எப்போதும் போல வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகப் போர்ட்டிகோவுக்குள் ஏற்றினார். ஹெட்லைட் எதிர்ச் சுவரில் விழுந்து, வண்டி பின்னால் வர வர வெளிச்சம் பரவி, வண்டி நின்றதும் அதுவும் நின்றது. இரண்டு சிவப்புக் குறிகளின் குறுக்குக் கோட்டுக்கும் இரண்டு விரற்கடை கீழே வெளிச்சத்தின் விளிம்பு நேராக நின்றது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. குழந்தை கை தட்டினாள்.

என் கணவர் கண்ணாடியை இறக்கி, "அட, டேப்பை இன்னும் யாரும் எடுக்கலையா, நல்லதாப் போச்சு. பார்த்தியா லைன் எப்படி நிக்குதுன்னு? மெக்கானிக் வச்சிருந்தாலும் இவ்வளவு சுத்தமா வராது" என்றார்.

"டேப் நீங்க ஒட்டினதா?"

"பின்ன? சாக்பீஸ் வெளிச்சத்துல தெரியலை. வந்து இன்னொரு தடவை சரிபார்க்கலாம்னு விட்டு வச்சேன்."

"துடைச்சாச்சுன்னு சொன்னீங்க."

"சாக்பீஸைத் துடைச்சேன். டேப்பை எப்படித் துடைக்கிறது? ஏன், அக்கா திட்டினாங்களா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் லைட்டை அணைக்க மறந்து இறங்கி, காரின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆள் உயிரோட இருக்காரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உடனே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். அவர் வரமாட்டேன் என்றார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிற வேலை, போலீஸ் கேஸ் என்று தெரிந்தால் மறுநாளே வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள் என்றார்.

"டேப் ஒட்டினது ஒரு குத்தமா?" என்றேன்.

"அடிச்சது குத்தமில்லையா?"

"அடிச்சது நீங்க இல்லையே."

"அடிக்கிறவங்களை வரச்சொன்னது யாரு?" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். ஆனாலும் அது சரியான கேள்வி.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டேப் எங்களுடையது என்று சொன்னதும் அக்கா முதலில் சந்தோஷப்பட்டார். "அப்ப நம்ம வீட்டுக்கு யாரும் குறி வைக்கலையா? அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அதன் பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் தட்டிலேயே கை கழுவி எழுந்து, வெளியே போய், சுவரிலிருந்த டேப்பைப் பிய்த்தார். சுவரின் மேல்பூச்சும் அதோடு உரிந்து வந்தது. உள்ளே இருந்த பழைய நீலப் பூச்சு தெரிந்தது. சிவப்புக் குறி இருந்த இடத்தில் இப்போது அதே அளவில், அதே உயரத்தில் இரண்டு நீலக் குறிகள் இருக்கின்றன.

மாஸ்டர் அவற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "காலையில பெயிண்டரை வரச்சொல்லிடறேன்" என்றார்.

"அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. சந்தேக கேஸ்தானே."

"திருடன்னு எழுதித்தானே மாஸ்டர் விடுவாங்க? அதுக்கப்புறம் எந்த வீட்டு ஜன்னலை அவர் அளக்க முடியும்?"

அக்கா என் கையைப் பிடித்து, "உன் பிள்ளைக்காகத்தான்டி அவர் ஓடினாரு. அன்னைக்கும் ஓடினாரு, இன்னைக்கும் ஓடினாரு. நீ கூப்பிட்டதாலதானே ஓடினாரு? இப்ப அவரைக் கொண்டுபோய் உள்ள வைக்கப்போறியா?" என்று கேட்டார். பிடித்த கையை அவர் விடவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது குழந்தை தூங்கியிருந்தாள். என் கணவர் லைட்டை அணைத்து, வண்டியைப் பூட்டி, சாவியை வழக்கம்போல கதவோரம் ஆணியில் மாட்டிவிட்டு, சமையலறை அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். ஸ்க்ரூடிரைவர் என்றார். "திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டா முடிஞ்சுது. யார் வந்து பார்த்தாலும் லைட்டும் சுவரும் பொருந்தாது. ஒட்டவே இல்லைன்னு சொல்லிடலாம்" என்றார். "நீங்கதான் ஒட்டினீங்கன்னு நான் சொன்னா?" என்றேன். அவர் அலமாரிக் கதவைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தார். என் கணவர் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அவர் அழுததற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றிருந்தால் அவரோடு சேர்ந்து நானும் ஸ்க்ரூடிரைவரைத் தேடியிருப்பேன்.

பானெட்டைத் திறக்கும் பிடி எங்கள் காரில் உள்ளே, ஓட்டுநர் காலருகே இருக்கிறது. கார்க் கதவைத் திறக்காமல் திருகைத் தொட முடியாது. ஆணியிலிருந்த சாவியையும், பீரோவில் இருந்த மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டேன். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெருமுனை வரை நடந்து, ஒரு வாடகை வண்டி பிடித்து நிலையத்துக்கு வந்தேன். வரும் வழியில் அக்கா மூன்று தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

நிலையத்தில், அந்த மனிதர் காவலுடன் மருத்துவமனையில் இருக்கிறார் என்றும், வலது கை விரல்கள் முறிந்திருக்கின்றன என்றும், காலையில் திருட்டு முயற்சி என்று வழக்கு எழுதி நீதிபதி முன் நிறுத்துவார்கள் என்றும் பெண் காவலர் சொன்னார். விசாரித்தபோதெல்லாம் அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாராம்: ஜன்னலில் நின்ற பெண்ணைக் கேளுங்கள். தெருவில் விசாரித்ததில் அந்த ஜன்னலில் யாரும் நிற்கவில்லை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். "நீங்கதானா அது?" என்று பெண் காவலர் கேட்டார். நான்தான் என்றேன்.

அதன் பிறகு அவர் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்கள்:

முதலில் அடித்தது யார் என்று கேட்டார். மாஸ்டர். எதனால் அடித்தார் என்று கேட்டார். ஹாக்கி மட்டையால். விரல் முறிந்தது யாரால் என்று கேட்டார். அவர் எங்கள் கதவை விட்டுப் போனபின் நடந்ததை நான் பார்க்கவில்லை, அதனால் தெரியாது. அந்த மனிதர் குழந்தையைக் கூப்பிட்டாரா என்று கேட்டார். இல்லை. கூப்பிடுகிறார் என்று எழுதியது ஏன் என்று கேட்டார். சும்மா ஒருவர் நிற்கிறார் என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். இந்தப் பதிலை எழுத வேண்டுமா என்று பெண் காவலரே என்னிடம் கேட்டார். எழுதிவிட்டேன்.

காரின் இரண்டு சாவிகளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். டேப் இப்போது இல்லை, என் கணவர் ஒட்டவில்லை என்று சொன்னால் நான் சொல்வதற்குச் சாட்சி அந்த லைட்டின் உயரமும் சுவரில் உரிந்த இடமும் மட்டும்தான். காரை அது நிற்கும் இடத்திலிருந்து நகர்த்தாமல், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, டிம் லைட்டைப் போட்டுப் பார்த்தால், வெளிச்சத்தின் விளிம்பு அந்த நீலக் குறிகளின் குறுக்குக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கும். பகல் வெளிச்சம் வந்துவிட்டால் அந்த விளிம்பு சுவரில் தெரியாது. பெயிண்டர் வந்துவிட்டால் குறியே இருக்காது. ஆகவே விடியுமுன் வந்து பார்த்து, அளந்து, படம் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எழுதியிருப்பவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. மற்றவர்களைப் பற்றி எழுதியதைப் போலவே என்னைப் பற்றியும் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். பெண் காவலர் இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மாற்ற ஒன்றும் இல்லை.

நானும் குழந்தையும் திரும்பிப் போக அந்தத் தெருவைத் தவிர வேறு இடம் இல்லை. அளக்கப் போகும் வண்டியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போகும்படியும், கேட்டைத் திறந்து நான் உள்ளே போகும் வரை யாராவது ஒருவர் வாசலில் நிற்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)